கையெழுத்து யாருடையது?

ஏஐ ஏஜெண்டுகள் இப்போது தாங்களே நிரல் எழுதி, தாங்களே கிட்டில் கமிட்டும் செய்துவிடுகின்றன. முப்பது வருஷம் மென்பொருள் வேலை பார்த்தவனுக்கு உடனே எழும் கேள்வி: அந்த மாற்றத்துக்குப் பொறுப்பு யார்? கேள்வி புதிதல்ல, அதற்கு ஐம்பது வருஷச் சரித்திரம் உண்டு.

1972-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட், எஸ்.சி.சி.எஸ். என்ற ஏற்பாட்டைச் செய்தார். நிரலை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்று அது குறித்து வைக்கும். நூலகப் புத்தகம் மாதிரி, ஒருவர் திருத்த எடுத்த கோப்பை அவர் திருப்பித் தரும்வரை இன்னொருவர் திருத்த முடியாது. 1986-ல் டிக் க்ரூன் வெளியிட்ட சி.வி.எஸ். இந்தப் பூட்டை எடுத்தது. பலர் ஒரே கோப்பில் வேலை செய்து, பிறகு இணைத்துக்கொண்டார்கள்.

2003-ல் எஸ்.சி.ஓ. நிறுவனம், யூனிக்ஸ் நிரலை லினக்ஸில் சேர்த்துவிட்டதாக ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய நெருக்கடி. அடுத்த வருஷமே லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். மாற்றத்தை அனுப்புபவரும், அதை வாங்கி மேலே அனுப்புபவரும் 'சைண்ட்-ஆஃப்-பை' என்று தம் பெயரைப் போட வேண்டும். 2005 ஏப்ரலில், பிட்கீப்பர் மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தும் அனுமதி போனதும், அவரே கிட்டை எழுதினார். அதில் எழுதியவர் பெயர் தனி, சேர்த்தவர் பெயர் தனி.

ஏஜெண்ட் வந்ததும் இந்த இரண்டும் கலந்துவிடுகின்றன. உங்கள் கணினியில் அது ஓடினால், வேறு ஏற்பாடு செய்யாதவரை, கமிட் உங்கள் பெயரில்தான் விழும். நீங்கள் படித்தே பார்க்காத வரிகளுக்கும் உங்கள் பெயர்!

ஆகவே ஏஜெண்டுக்குத் தனிப் பெயரும் தனி பிராஞ்ச்சும் கொடுங்கள். இரண்டு மூன்று ஒன்றாக ஓடினால், 2015-லேயே கிட்டில் வந்துவிட்ட 'ஒர்க்ட்ரீ' மூலம் ஆளுக்கொரு ஃபோல்டர். செய்யக்கூடாதவற்றை 'ஏஜெண்ட்ஸ்.எம்டி' கோப்பில் எழுதலாம். ஆனால் அது அறிவுரைதான், பூட்டு அல்ல. மெயின் பிராஞ்ச்சுக்கு நேரடி புஷ், பழைய பதிவுகளை அழித்தெழுதும் ஃபோர்ஸ் புஷ் இரண்டுக்கும் சர்வரிலேயே தடை போடுங்கள்.

லினக்ஸ் கெர்னல் குழுவும் இதற்கு விதி எழுதிவிட்டது. ஏஐ உதவியதைத் தனி வரியில் குறிப்பிட வேண்டும். 'சைண்ட்-ஆஃப்-பை' மட்டும் மனிதர்தான் போட வேண்டும். எனக்கு அது சரியாகவே படுகிறது. நாளைக்குக் கோளாறு வந்தால் கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆள் வேண்டாமா?