லொறி வெளிக்கிட முன்னர்: சாரதி பார்க்க வேண்டியவை

சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகளில் ஏற்றிய மரக்கறி தம்புள்ளைக்குப் போக வேண்டும். முல்லைத்தீவு, மன்னார் கரைகளில் ஏற்றிய மீன் விடியுமுன் பேலியகொடைக்குப் போக வேண்டும். வடக்கின் உழைப்பில் பெரும்பகுதி இரவில்தான் லொறியில் தெற்கு நோக்கிப் போகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். சாமான் ஏற்றி முடிந்ததும் நேரம் போய்விட்டது என்ற அவசரம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. அந்த அவசரத்தில் முதலில் விடுபட்டுப் போவது, வாகனத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்கும் பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

எமது சாரதிகள் வாகனத்தை அறியாதவர்கள் அல்லர். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மண் இது. உதிரிப்பாகம் வராத ஆண்டுகளில் ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டி ஓடினார்கள். 2002இல் ஏ9 வீதி திறந்தபோதும், 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்படும் வரைக்கும், சோதனைச் சாவடிகளில் சாமானை இறக்கி ஏற்றிக் காத்துக் கிடந்து ஓடினார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, இருக்கிற பழைய வாகனத்தையே இன்னும் பல ஆண்டுகள் ஓட்ட வேண்டியதாயிற்று. 2022இல் டீசலுக்கு வரிசையில் கிடந்ததும் மறக்கக்கூடியதல்ல.

இவ்வளவும் எங்களுக்குக் கற்றுத் தந்தது, நின்றுபோன வாகனத்தை எப்படியாவது ஓட வைக்கும் கெட்டித்தனம். அது உயிர் காத்த கெட்டித்தனம்; அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பத்துத் தொன் சுமையுடன் ஓடும் லொறியை உரிய இடத்தில் நிற்பாட்டுவதற்கு அந்தச் சமாளிப்பு உதவாது. என்ஜினில் செய்த சமாளிப்பு பிழைத்தால் வாகனம் வழியில் நிற்கும். பிறேக்கிலும் ரயரிலும் செய்த சமாளிப்பு பிழைத்தால் நிற்காது. தினசரிப் பரிசோதனையின் நோக்கம் இந்த இரண்டையும் பிரித்தறிவதே.

எங்கே தொடங்குவது

சாரதி கதவில் தொடங்கி, ஒரே திசையில் வாகனத்தைச் சுற்றி வந்து, அதே கதவில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கில் பார்த்தால் எதுவும் விடுபடாது. வாகனம் சமதரையில் நிற்க வேண்டும். சில்லுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். இரவில் ஒரு ரோர்ச் லைற் அவசியம். கூடப் போகும் உதவியாளர் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் பின்னால் நின்று பிறேக் லைற்றைப் பார்க்கலாம்.

முதலில் வாகனம் இரவு நின்ற தரையைப் பாருங்கள். பல நோய்களை நிலமே காட்டிக் கொடுக்கும். கறுப்புக் கறை என்ஜின் ஒயில். பச்சை அல்லது சிவப்பு நிற ஈரம் கூலன்ட் ஆக இருக்கலாம். சில்லின் உட்பக்கத்தில் வழிந்த ஈரம் பிறேக் ஒயிலாகவோ, அச்சின் சீல் போய்க் கசியும் எண்ணெயாகவோ இருக்கலாம். சில்லின் உட்பக்கம் ஈரமாக இருந்தால் அந்த வாகனம் அன்று கராஜுக்குத்தான் போக வேண்டும்.

என்ஜின் பக்கம்

என்ஜின் ஒயிலை, என்ஜின் ஆறியிருக்கும்போது அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் இடையில் இருந்தால் போதும். ஒயில் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள்; அப்படியே ஓட்டினால் என்ஜின் போய்விடும்.

ரேடியேற்றர் மூடியைச் சூட்டில் திறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அதையே தொடர்ந்து விட்டால், கேத்தலில் படிவதுபோல ரேடியேற்றரின் உள்ளேயும் படிந்து நீரோட்டத்தை அடைக்கும். பிறகு வன்னி வெயிலில் சுமையோடு போகும்போது என்ஜின் கொதிக்கும். கூலன்ட் வாங்க வசதி இல்லாத நாளில் வடிகட்டிய மழைநீராவது கிணற்று நீரைவிட மேல்.

விசிறிப் பட்டியில் வெடிப்பு உள்ளதா, தளர்ந்துள்ளதா என்று பாருங்கள். டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்து விடுங்கள். பற்றரி முனைகளில் வெள்ளை பூத்திருந்தால் கழற்றித் துடைத்து இறுக்குங்கள். ரயில் கடவைகள் நிறைந்த பாதையில் இது சின்ன விடயம் அல்ல. தண்டவாளத்தின் மேல் என்ஜின் நின்று, மீண்டும் இயக்கப் பற்றரி மறுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிறேக்

இதற்கு மட்டும் ஐந்து நிமிடம் ஒதுக்கினாலும் தகும்.

பட்டா, கன்ரர் போன்ற சிறிய லொறிகளில் பெரும்பாலும் ஒயில் பிறேக். தாங்கியில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். என்ஜினை நிறுத்திய நிலையில் பெடலைப் பல தடவை மிதித்துவிட்டு, அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. இறங்கவில்லை என்றால், அழுத்தியபடியே என்ஜினை இயக்குங்கள். பெடல் சற்றுக் கீழே போக வேண்டும். போகாவிட்டால் பிறேக்குக்குத் துணை செய்யும் பூஸ்ரர் வேலை செய்யவில்லை.

பெரிய லொறிகளிலும் டிப்பர்களிலும் காற்றுப் பிறேக். என்ஜினை இயக்கி, காற்றழுத்த முள் வேலை செய்யும் அளவுக்கு ஏறும் வரை காத்திருங்கள். பிறகு சில்லுக்குக் கட்டை வைத்து, என்ஜினை நிறுத்தி, கைப்பிறேக்கை விடுவித்து, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முள் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. பின்னர் பெடலை விட்டு விட்டு மிதித்துக் காற்றைக் குறையுங்கள். அழுத்தம் 60 பிஎஸ்ஐ அளவுக்கு வரும்போது எச்சரிக்கை ஒலியோ விளக்கோ வர வேண்டும். அந்த ஒலி தொல்லை என்று வயரைக் கழற்றி வைத்திருக்கும் வாகனங்கள் உண்டு. கழற்றியவர் தன் கடைசி எச்சரிக்கையைத்தான் கழற்றியிருக்கிறார். காற்றுத் தாங்கியில் சேரும் தண்ணீரை ஒவ்வொரு நாளும் திறந்து விட வேண்டும்.

மீன் ஏற்றும் லொறிகளுக்குத் தனியாக ஒரு சொல். ஐஸ் உருகி வழியும் உப்புநீர் சட்டகத்தையும் பிறேக் குழாய்களையும் அரிக்கும். ஓட்டம் முடிந்ததும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி, காலையில் ரோர்ச் அடித்துக் குழாய்களைப் பாருங்கள். துருப்பிடித்து உப்பிய குழாய், பலமாக மிதிக்கும் அவசர வேளையில்தான் வெடிக்கும்.

பிறேக்கில் செய்யக் கூடாத இரண்டு சமாளிப்புகள் உண்டு. ஒன்று, பிறேக் ஒயிலுக்குப் பதிலாக வேறு எண்ணெய் விடுவது. உள்ளிருக்கும் ரப்பர் ஊதி, பிறேக் இறுகும் அல்லது இல்லாமலே போகும். மற்றது, கசியும் சில்லின் குழாயை மடித்து அடைத்துவிட்டு மற்றச் சில்லுகளின் பிறேக்கில் ஓடுவது. அப்படி ஓடும் லொறி, பலமாக மிதித்ததும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

வெளிக்கிட்டதும், பெரிய வீதியில் ஏற முன்னர், நடை வேகத்தில் ஒருமுறை பிறேக்கை மிதித்துப் பாருங்கள். வாகனம் நேராக நின்றால் தொடரலாம். கண்டி, நுவரெலியாப் பக்கம் போகிறவர்கள், ஏறிய கியரிலேயே இறக்கத்தில் இறங்க வேண்டும் என்ற பழைய பாடத்தை மறக்கக் கூடாது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துச் சூடேறிய பிறேக், நல்ல பிறேக்காக இருந்தாலும் பிடிக்காது.

ரயரும் சில்லும்

பின்னால் இரட்டைச் சில்லு உள்ள லொறியில் உள்சில்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதில் காற்றுக் குறைந்தால் வெளியே தெரியாது. சுமை முழுவதும் வெளிச்சில்லில் விழும்; இரண்டும் சூடேறி வெடிக்கும். கம்பியால் தட்டிப் பார்த்தால் காற்றுள்ள ரயர் துள்ளும். காற்றுக் குறைந்தது மந்தமாக ஒலிக்கும். இரு சில்லுக்கும் இடையில் கல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

ரயரின் பூ எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும்? ஐரோப்பாவில் கார்களுக்குச் சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த அளவு 1.6 மில்லிமீற்றர். சுமை ஏற்றும் லொறி, மழைக்காலத்தில், அந்த எல்லை வரை காத்திருக்கக் கூடாது. பக்கச் சுவரில் வெட்டு, வீக்கம், உள்நூல் தெரிதல் என்பவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ரயர் ஓட்டத்துக்கு உதவாது. ரீபில்ட் செய்த ரயரைப் பின்னுக்குப் போடலாம். முன் சில்லுக்குப் போடாதீர்கள். முன் ரயர் வெடித்தால் ஸ்ரியறிங் கைக்குள் நிற்காது.

வீல் நட்டைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருக்கோடு தெரிந்தால் அந்த நட் தளர்ந்து அசைகிறது. சில்லு மாற்றிய பிறகு 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும். மேலதிகச் சில்லு, ஜாக், சாவி மூன்றும் வாகனத்தில் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பாருங்கள்.

வெளிச்சமும் சுமையும்

இரவில் ஏ9இல் மாடும் யானையும் குறுக்கே வரும். லைற் இல்லாத துவிச்சக்கர வண்டியும் வரும். முன் லைற் இரண்டும் எரிய வேண்டும். அதைவிட முக்கியம் பின் லைற். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு நிற்கும் லொறி தெரியாமல் போனால், அவர் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சிவப்பு ஒளித்தகட்டைத் தூசு போகத் துடையுங்கள். பழுதாகி நிற்கும்போது வீதியில் குழை வெட்டிப் போடுவது எங்கள் வழக்கம். பகலில் அது உதவும், இரவில் தெரியாது. ஒளி தெறிக்கும் முக்கோணம் ஒன்றை வாங்கி வையுங்கள். சில்லுக்கு வைத்த கல்லை, புறப்படும்போது வீதியிலேயே விட்டுப் போகாதீர்கள்.

கயிறும் படங்கும் இறுகக் கட்டியுள்ளனவா என்று ஏற்றியவரின் சொல்லை நம்பாமல் நீங்களே இழுத்துப் பாருங்கள். வெளிக்கிட்டு 20, 30 கிலோமீற்றரில் சாமான் இருந்து கொடுக்கும். அப்போது நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டும். டிப்பரில், பெட்டி முழுதாக இறங்கியுள்ளதா, பின்கதவு பூட்டியுள்ளதா, மணலோ கிரவலோ மூடப்பட்டுள்ளதா என்று பார்ப்பது கட்டாயம். தூக்கிய பெட்டியோடு புறப்பட்டால் மின்கம்பியில் மாட்டும்.

ஓட்டுபவரும் ஒரு பாகம்

வாகனத்தைப் பார்த்து முடித்ததும் சாரதி தன்னையும் பார்க்க வேண்டும். நேற்று எத்தனை மணித்தியாலம் நித்திரை? சளிக்கோ உடல் நோவுக்கோ எடுத்த குளிசை தூக்கம் தருமா? போரில் காயப்பட்டு, காலில் எறிகணைச் சிதறலோடு கிளச் மிதிப்பவர்கள் எங்களிடையே உள்ளனர். கால் மரத்துப் போகும் நாளை அவர்களே அறிவார்கள். அந்த நாளில் நீண்ட ஓட்டத்தை ஏற்காமல் விடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஓட்ட மாட்டேன் என்று சொல்வது

பரிசோதனையின் கடினமான பகுதி இதுதான். பிழையைக் கண்டுபிடிக்கலாம், உரிமையாளருக்கு அதை எப்படிச் சொல்வது? லீசிங் தவணை அவருக்கு, நாட்கூலி சாரதிக்கு. ஓட்டம் நின்றால் இருவருக்கும் நட்டம். ஆனால் விபத்து நடந்தால் பொலிஸார் முதலில் பிடிப்பது சாரதியை. மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பார்க்கும்போது, பிறேக் முன்பே பழுதாக இருந்ததா என்ற கேள்வி எழும். 'முதலாளிக்குச் சொன்னேன்' என்ற வாய்ச்சொல் அங்கே எடுபடுவது கடினம்.

அதனால் ஒரு 40 பக்கக் கொப்பி வாங்குங்கள். நாள், வாகன இலக்கம், கண்ட பிழை, யாருக்கு எத்தனை மணிக்குச் சொன்னது, எப்போது திருத்தியது என்பதை எழுதுங்கள். தொலைபேசியில் பிழையைப் படம் பிடித்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். கனடாவின் ஒன்ராறியோவில் லொறி ஓட்டும் எங்கள் உறவுகளைக் கேளுங்கள். அங்கே தினசரிப் பரிசோதனையும் அதன் அறிக்கையை வாகனத்தில் வைத்திருப்பதும் சட்டப்படி கட்டாயம். இங்கே யாரும் கேட்காவிட்டாலும் அந்தக் கொப்பி உங்களுக்குச் சாட்சி. பிழைகளைச் சிறிதாக இருக்கும்போதே எழுதிக் காட்டும் சாரதியால் செலவு குறைகிறது என்பதை நல்ல உரிமையாளர் விளங்கிக்கொள்வார்.

வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், தகுதிச் சான்றிதழ் ஆகியவற்றின் காலாவதித் திகதிகளைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கானது. சாரதிக்கும் உதவியாளருக்கும் தனிக் காப்பு உள்ளதா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். வேலையின்போது நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் இழப்பீடு கோர 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அப்படிக் கோரும்போது, நீங்கள் யாரிடம் வேலை செய்தீர்கள் என்பதற்கும் அந்தக் கொப்பி ஆதாரமாகலாம். வழியில் விபத்து நேர்ந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், பொலிஸுக்கு 119.

கொப்பி நிரம்பியதும் எறியாதீர்கள். அதை லொறியில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். எங்கே இருக்கிறது என்பதை மனைவிக்கோ அம்மாவுக்கோ சொல்லி வையுங்கள். போரில் உழைப்பவரை இழந்த பிறகு, ஒரு துண்டுக் காகித ஆதாரமும் இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய வீடுகள் எங்கள் ஊர்களில் நிறைய. வீதியில் ஒருவரை இழந்து இன்னொரு வீடு அப்படி அலையக் கூடாது.