ஆமிஷ் மக்களிடையே மன்னிப்பு

ஆமிஷ் மக்களிடையே மன்னிப்பு என்பது வட அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் என்னும் கிறித்தவக் குழுவினர் தமது அன்றாட வாழ்வில் கடைப்பிடித்துவரும் ஒரு சமய வழக்கம் ஆகும். தீங்கு இழைத்தவரை மன்னிப்பது தனிமனிதரின் விருப்பம் அன்று, கிறித்தவர் ஒவ்வொருவருக்கும் உரிய கடமை என்பது இவர்களது நம்பிக்கை. 2006 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஆமிஷ் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன் பின்னரே இவ்வழக்கம் உலக அளவில் அறியப்பட்டது.

பின்னணி

ஆமிஷ் மக்கள் மறுதிருமுழுக்கு இயக்கத்தின் ஒரு கிளையினர். 1525 இல் சுவிட்சர்லாந்தின் சூரிக்கு நகரில் தோன்றிய இவ்வியக்கம், குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பதை ஏற்கவில்லை. போரிலும் பழிவாங்கலிலும் ஈடுபடுவதில்லை என்பதையும் கொள்கையாகக் கொண்டது. 1693 இல் யாக்கோப்பு அம்மான் என்பவரின் தலைமையில் பிரிந்து சென்றோரே ஆமிஷ் எனப்படுகின்றனர். 18 ஆம் நூற்றாண்டு முதல் இவர்கள் பென்சில்வேனியாவில் குடியேறத் தொடங்கினர். 2024 ஆம் ஆண்டளவில் இவர்களது தொகை ஏறத்தாழ 4 இலட்சம் ஆகும்.

16 ஆம் நூற்றாண்டில் மறுதிருமுழுக்கினர் பலர் தம் நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்டனர். அவர்களது வரலாறுகளைத் தொகுத்து 1660 இல் டச்சு மொழியில் வெளியான "மறைசாட்சியர் கண்ணாடி" என்னும் நூல் இன்றும் ஆமிஷ் வீடுகளில் உள்ளது. இதில் இடம்பெறும் டிர்க் வில்லெம்சு என்பவரின் வரலாறு பரவலாக அறியப்பட்டது. சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்நிலையைக் கடந்து ஓடிய அவர், தம்மைத் துரத்தி வந்தவர் பனிக்கட்டி உடைந்து நீரில் வீழ்ந்ததைக் கண்டு திரும்பிச் சென்று காப்பாற்றினார். அதனால் மீண்டும் பிடிபட்டு, 1569 இல் எரித்துக் கொல்லப்பட்டார்.

விவிலிய அடிப்படை

மத்தேயு நற்செய்தியின் 6 ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களுக்கு ஒரு செபத்தைக் கற்பிக்கின்றார். தமிழ்க் கிறித்தவர்கள் இதனைப் பரமண்டல செபம் என்றும் அழைப்பர். பிறரை மன்னிக்காதவரைக் கடவுளும் மன்னிக்கமாட்டார் என்னும் கருத்து இச்செபத்தை அடுத்து வருகின்றது. பெரும்பாலான திருச்சபைகள் கடவுளின் மன்னிப்பைப் பெற்றவர் பிறரை மன்னிக்க வேண்டும் எனக் கற்பிக்கின்றன. ஆமிஷ் மக்கள் இதன் மறுபக்கத்தையும் நேர்ப்பொருளில் கொள்கின்றனர்: தாம் மன்னிக்கப்பட வேண்டுமாயின் முதலில் பிறரை மன்னிக்க வேண்டும். தனக்கிருந்த பெருங்கடன் தள்ளுபடி செய்யப்பட்ட பின்னரும் சக பணியாளனின் சிறுகடனைத் தள்ள மறுத்தவனைப் பற்றி அதே நற்செய்தியின் 18 ஆம் அதிகாரத்தில் வரும் உவமையும் இவர்களுக்கு முக்கியமானது.

அன்றாட வாழ்வில்

பரமண்டல செபத்தை ஆமிஷ் குடும்பத்தினர் நாள்தோறும் சொல்கின்றனர். குழந்தைகள் இளவயதிலேயே இதனை மனப்பாடம் செய்கின்றனர்.

ஆண்டுக்கு இருமுறை, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், திருவிருந்து நடைபெறும். அதற்கு முன்னர் கூடும் சபைக் கூட்டத்தில், தாம் கடவுளோடும் சக உறுப்பினரோடும் சமாதானமாக இருப்பதாக ஒவ்வொருவரும் தெரிவிக்க வேண்டும். பிணக்குகள் தீராவிடில் திருவிருந்து தள்ளிப்போடப்படுவதும் உண்டு. இதனால் வேலித் தகராறு, கடன், கடுஞ்சொல் போன்ற சிறு மனக்கசப்புகளையும் ஆண்டுக் கணக்கில் வைத்திருப்பது கடினமாகின்றது. திருவிருந்தின்போது உறுப்பினர்கள் ஒருவர் காலை மற்றவர் கழுவுவர்.

நிக்கல் மைன்ஸ் நிகழ்வு

2006 அக்டோபர் 2 அன்று, லங்காஸ்டர் மாவட்டத்தின் நிக்கல் மைன்ஸ் என்னும் சிற்றூரில் இருந்த ஓரறைப் பள்ளிக்குள் பால்வண்டி ஓட்டுநர் ஒருவர் துப்பாக்கியுடன் நுழைந்தார். அவர் ஆமிஷ் அல்லர். ஐந்து மாணவியர் இறந்தனர், ஐவர் காயமுற்றனர். பின்னர் அவர் தம்மையே சுட்டுக்கொண்டு இறந்தார். 1997 இல் பிறந்தவுடன் இறந்த தம் மகளை முன்னிட்டுக் கடவுள் மீது சினம் கொண்டிருந்ததை அவர் விட்டுச்சென்ற குறிப்பு காட்டியது.

அன்றே ஆமிஷ் மக்கள் சிலர் அவரது குடும்பத்தினரைச் சந்தித்து ஆறுதல் கூறினர். அவரது அடக்கத்திலும் பலர் கலந்துகொண்டனர். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் அவர்களுள் இருந்தனர். உலகெங்கிலும் இருந்து வந்த நன்கொடையின் ஒரு பகுதி அவரது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டது. பள்ளிக் கட்டிடம் அதே மாதம் இடிக்கப்பட்டு, 2007 ஏப்ரலில் அருகில் "புதிய நம்பிக்கை" என்ற பெயரில் வேறொரு பள்ளி திறக்கப்பட்டது.

சுட்டவரின் தாயார் பின்னாட்களில் மிகக் கடுமையாகக் காயமுற்ற சிறுமியின் வீட்டுக்கு வாரந்தோறும் சென்று அவளைப் பராமரிக்க உதவினார். அத்தாயார் 2017 இலும், அச்சிறுமி இளம்பெண்ணாகி 2024 இலும் இறந்தனர்.

மன்னிப்பும் துயரமும்

மன்னித்ததாக அறிவித்ததனால் பெற்றோரின் துயரம் நீங்கிவிடவில்லை. ஆமிஷ் மக்களும் மனநல ஆலோசனை பெற்றனர். பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிடுவது ஒரு முடிவு. சினம் தணிவது அதன்பின் நெடுங்காலம் நிகழ்வது. இவ்விரண்டையும் 2007 இல் வெளியான "ஆமிஷ் அருள்" என்னும் ஆய்வுநூல் வேறுபடுத்திக் காட்டுகின்றது. மன்னிப்பு என்பது தண்டனையிலிருந்து விடுவிப்பதும் அன்று. குற்றவாளியைத் தண்டிப்பது அரசின் பொறுப்பு என ஆமிஷ் மக்கள் கருதுகின்றனர்.

விமர்சனங்கள்

குற்றவாளி வருந்தி மன்னிப்புக் கேட்கும் முன்னரே மன்னிப்பது முறையாகுமா, கொல்லப்பட்டோரின் சார்பில் பிறர் மன்னிக்க இயலுமா என்னும் வினாக்கள் 2006 இல் எழுப்பப்பட்டன.

திருமுழுக்கின்போது அளித்த வாக்கை மீறிய உறுப்பினர் மனம் வருந்தாவிடின், அவரைச் சபை விலக்கிவைக்கின்றது. பிறரை உடனே மன்னிப்பவர்கள் தம்மவரை விலக்குவது முரண்பாடு எனச் சிலர் கூறுவர். மன்னிப்பு வேறு, சபையில் மீண்டும் சேர்த்துக்கொள்வது வேறு என்பது ஆமிஷ் மக்களின் மறுமொழி.

இவற்றினும் கடுமையான விமர்சனம் குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை ஆகியவை தொடர்பானது. சபை முன் முழந்தாளிட்டுக் குற்றத்தை அறிக்கையிட்டவர் சில வாரங்களில் மீண்டும் ஏற்றுக்கொள்ளப்படுவார். அதன்பின் அக்குற்றத்தைப் பற்றிப் பேசுவதே மன்னியாமையாகக் கருதப்படலாம். இதனால் பாதிக்கப்பட்டோர் காவல்துறையை நாட இயலாமல் போனதாக ஆமிஷ் சமூகத்தில் வளர்ந்த பெண்கள் சிலர் வெளிப்படையாகக் கூறியுள்ளனர். நிக்கல் மைன்சில் பழிவாங்கலைத் தடுத்த அதே கடமை, இத்தகைய வீடுகளில் பாதிக்கப்பட்டோரின் வாயை அடைத்துவிடவும் கூடும் என்பதே இவ்விமர்சனத்தின் சாரம்.

இவற்றையும் பார்க்க

மெனோனைட்டுகள்
மலைப்பொழிவு
யாக்கோப்பு அம்மான்
ஒப்புரவு