மலையடிவாரத்தில் ஒரு கியர்பாக்ஸ் வரலாறு: திண்டுக்கல் சமவெளியில் அமெரிக்க வண்டிகளும் பழுதுநீக்கும் தொழிலும்

திண்டுக்கல்லிலிருந்து வடக்கே வேடசந்தூர் வரைக்கும், மேற்கே ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி வரைக்கும் சாலை பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் போகிறது. தென்மேற்கே வத்தலக்குண்டைத் தாண்டினால் நிலைமை வேறு. அங்கிருந்து கோடைக்கானல் போய்ச் சேர வண்டி ஏறத்தாழ 6,000 அடி ஏறவேண்டும். காலையில் சமவெளியில் டாப் கியரில் ஓடிய வண்டியே நடுப்பகலில் இரண்டாம் கியரில் மலையேறி, மாலையில் அதே கியரின் பிடியில் இறங்கி வரவேண்டிய வட்டாரம் இது. இங்கே எஞ்சினுக்கு இணையாக, பல சமயம் அதைவிட அதிகமாக, உழைத்தது கியர்பாக்ஸ். எந்த அமெரிக்க வண்டி இந்தப் பகுதியில் நிலைத்தது, எது மறைந்தது என்ற கேள்விக்கு, அதன் கியர்பாக்ஸை உள்ளூர்ப் பட்டறையில் பிரித்துப் பூட்ட முடிந்ததா என்பதே பெரும்பாலும் விடை என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

மூன்று மிதிகளும் பருத்திப் பட்டையும்

கோடைக்கானல் 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் அமைத்த குடியிருப்பு. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875-இல் ரயில் வந்தபின், மலைக்குப் போகிறவர்கள் இறங்கும் இடமாக அம்மையநாயக்கனூர் ஆயிற்று. இன்று அதன் பெயர் கொடை ரோடு. மோட்டார் வண்டி ஏறத்தக்க மலைச்சாலை 1910-களில்தான் முழுமை பெற்றது. அதே காலத்தில் சமவெளியிலும் பஸ் தொழில் வேர்விட்டது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் 1911-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1920-இல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் மோட்டார் வரலாற்றில் அந்தப் பழனித் தடம் ஒரு முக்கியமான தொடக்கம்.

அந்தக் காலத்தின் உலகப் பொது வண்டி ஃபோர்டு மாடல் டி. 1908 முதல் 1927 வரை சுமார் 1.5 கோடி வண்டிகள் உருவாயின. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கு அவை பெரும்பாலும் கனடாவின் ஃபோர்டு ஆலையிலிருந்து வந்தன. இன்று கார் ஓட்டுகிறவரை அதில் உட்கார வைத்தால் திகைத்துப்போவார். கியர் கம்பி கிடையாது. காலடியில் மூன்று மிதிகள்: இடது மிதியை முழுதாக அழுத்தினால் லோ, பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், விட்டுவிட்டால் ஹை. நடு மிதி ரிவர்ஸ். வலது மிதி பிரேக். உள்ளே பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும். மூன்று டிரம்களைச் சுற்றியுள்ள எஃகுப் பட்டைகளில் எந்தப் பட்டை இறுகுகிறதோ அதைப் பொறுத்து வேகம் மாறும். லோ கியரின் விகிதம் 2.75, ரிவர்ஸின் விகிதம் 4.

அந்தப் பட்டைகளின் உள்வரி நெய்த பருத்தி. கோடை மலை போன்ற சாலையில் இந்தப் பருத்தி படும் பாட்டை எண்ணிப் பார்க்கவேண்டும். ஏறும்போது லோ பட்டை விடாமல் இறுக்கத்தில் இருக்கும். இறங்கும்போது பிரேக் பட்டை சூடேறி வழுக்கத் தொடங்கும்; அனுபவமுள்ள ஓட்டுநர் லோவையும் ரிவர்ஸையும் மாற்றி மாற்றி லேசாக மிதித்துச் சூட்டை மூன்று பட்டைகளுக்கும் பகிர்ந்துவிடுவார். பெட்ரோல் டாங்கி இருக்கைக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தன் எடையால்தான் கார்புரேட்டருக்கு ஓடியது. டாங்கியில் குறைவாக இருக்கும்போது செங்குத்தான ஏற்றத்தை ரிவர்ஸில் ஏறிக் கடப்பது வழக்கம். தேய்ந்த பருத்தி இழைகள் எஞ்சின் ஆயிலில் கலந்து குழாயை அடைக்கும், ஏனென்றால் எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். எனவே பட்டை மாற்றுவதும் ஆயிலை வடித்து மாற்றுவதும் சேர்ந்தே நடக்கவேண்டிய வேலைகள். இதற்குச் சாவிகளும் பொறுமையும் போதும், லேத் மெஷின் தேவையில்லை. கொல்லரும் தச்சருமே பழுது பார்க்கக் கிடைத்த காலத்தில் மாடல் டி உலகெங்கும் சிற்றூர்களில் ஓடியதற்கு அதன் விலையைப் போலவே இதுவும் காரணம்.

நேர்ப்பற்களின் காலம்

ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயின் சிவ்ரியில் வண்டி பூட்டும் ஆலையைத் திறந்தது. ஃபோர்டு அதற்கு இரண்டாண்டு முன்பே இந்திய நிறுவனத்தை அமைத்திருந்தது. தென்னாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றுப் பராமரித்த பெரும் நிறுவனம் சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். குழுமம். செவ்ரலே சேசிஸின் மேல் உள்ளூரில் பாடி கட்டிய பஸ்களும் லாரிகளும் தமிழ்நாட்டுச் சாலைகளில் பெருகின.

இந்த வண்டிகளின் கியர்பாக்ஸில் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. ஒரு பல்சக்கரம் ஷாஃப்டில் நகர்ந்து இன்னொன்றோடு கோக்கும். வேகம் ஒத்துவராமல் தள்ளினால் பல் நொறுங்கும். லாரி, பஸ் ஓட்டுநர்களின் ‘டபுள் கிளட்ச்’ பழக்கம் இங்கிருந்து பிறந்தது: ஒரு முறை கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, ஆக்சிலரேட்டரைச் சற்றே கொடுத்து, மறுபடி மிதித்துக் கீழ்கியர் போடுவது. மலையில் இதைத் தவறவிட்டவர் நியூட்ரலில் சரிந்து இறங்க நேரும். ஆகவே ஓட்டுநரின் கால் பழக்கமும் பராமரிப்பின் ஒரு பகுதிதான். நல்ல ஓட்டுநரிடம் இருந்த கியர்பெட்டி பல ஆண்டு திறக்கப்படாமல் ஓடும்.

செவ்ரலே 1932-இல் சிங்க்ரோமெஷ் கொண்டுவந்தது. பித்தளை, வெண்கல வளையங்கள் வேகத்தைச் சமப்படுத்திய பிறகே பல் கோக்கும் ஏற்பாடு. அதோடு சாய்வுப்பற்களும் வந்தன. ஓட்டுநருக்கு இது வரம். பட்டறைக்காரருக்கு இதன் விளைவு இருபது ஆண்டு கழித்தே தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இடையில் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். அதற்கு மாற்றாக டி.வி.எஸ். கரியிலிருந்து வாயு எடுக்கும் கரிவாயுக் கருவிகளைச் செய்து வண்டிகளில் பொருத்தியது. கரிவாயுவில் எஞ்சினின் சக்தி நன்றாகக் குறையும். பெட்ரோலில் டாப் கியரில் ஏறிய மேட்டைக் கரிவாயுவில் இரண்டாம் கியரில் ஏறவேண்டும். யுத்த காலத்து வண்டிகளில் எஞ்சின் கரியால் கெட்டது என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். கீழ்கியர்களிலேயே ஓடி ஓடிக் கவுண்டர் ஷாஃப்டின் பற்களும் பேரிங்குகளும் தேய்ந்ததையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

1954-க்குப் பின்

சுதந்திரத்துக்குப் பின் அமெரிக்க வண்டி இரண்டு வழிகளில் தொடர்ந்தது. வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாய் குர்லாவில் கிரைஸ்லர் உரிமத்தோடு டாட்ஜ், பிளிமத், டி சோட்டோ கார்களையும் ஃபார்கோ லாரிகளையும் பூட்டியது. பிர்லாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரைப் பூட்டியது. ஆனால் உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்று வரி ஆணையத்தின் பரிந்துரைப்படி 1953-இல் அரசு முடிவெடுத்ததும், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. இந்த வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இதுதான். அதுவரை ‘புது கியர் போடு’ என்று சொன்ன பட்டறை, அதன்பின் ‘கியரைச் செய்’ என்று சொல்லவேண்டி வந்தது.

செய்வது எப்படி? நேர்ப்பல் என்றால் மில்லிங் மெஷினில் இண்டெக்சிங் ஹெட் வைத்து ஒவ்வொரு பல்லாக வெட்டலாம். எந்திரத் தொழில் வளர்ந்த கோயம்புத்தூர் பக்கத்திலேயே இருந்தது. வெட்டிய சக்கரத்தைக் கரித்தூளோடு பெட்டியில் அடைத்துச் சூளையில் பழுக்கவைத்து, எண்ணெயில் முக்கினால் மேற்பரப்பு கடினமாகும், உள்பகுதி முறியாத தன்மையோடு இருக்கும். ஒன்றிரண்டு பல் மட்டும் போயிருந்தால் வெல்டிங் வைத்து நிரப்பி அரத்தால் ராவி உருவம் கொடுப்பார்கள். பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன திண்டுக்கல்லில் அரம் பிடித்த கைகளுக்குப் பஞ்சமில்லை. சாய்வுப்பல் வந்ததும் இந்த எளிமை போய்விட்டது. அதை வெட்ட மேசை நகரும்போதே சக்கரமும் சேர்ந்து சுழலும் மெஷின் வேண்டும். சாய்வுக்கோணம் சிறிது பிசகினாலும் சத்தம் போடும். முன்பு சொன்ன விளைவு இதுவே: 1932-க்கு முந்தைய முரட்டுப் பெட்டியைப் புதுப்பிப்பது எளிது, பிந்தைய நயமான பெட்டியைப் புதுப்பிப்பது கடினம்.

ஆட்டோமேட்டிக் பெட்டிகளின் கதி இன்னும் மோசம். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ராமேட்டிக்கும், 1950-இல் செவ்ரலேயில் வந்த பவர்கிளைடும் ஆயில் அழுத்தத்தால் இயங்குபவை. ஒரு ரப்பர் சீல், ஒரு வால்வு, சரியான திரவம் ஆகிய மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வண்டி நகராது. இறக்குமதி நின்றுபோன நாட்டில் அவற்றைக் கழற்றிவிட்டு மேனுவல் பெட்டி பொருத்தியதில் வியப்பில்லை. பெரிய அமெரிக்க கார்களில் பெர்கின்ஸ் போன்ற டீசல் எஞ்சின் ஏற்றி வாடகைக்கு ஓட்டியதும் இதே காலத்து ஏற்பாடு.

புதுப் பாகம் கிடைக்காதபோது நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பது உயிர்நாடி ஆகிறது. மெக்கானிக் முதலில் காதைத்தான் நம்புவார். நியூட்ரலில் நிற்கும்போது கேட்கும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால் முன்ஷாஃப்ட் பேரிங்கையோ கவுண்டர் ஷாஃப்டையோ சந்தேகிக்கவேண்டும். முதல், இரண்டாம் கியர்களில் கத்தி, டாப் கியரில் அமைதியானால் கோளாறு கவுண்டர் ஷாஃப்ட் பற்களில். டாப்பில் சக்தி அந்தப் பற்கள் வழியாகப் போவதில்லை. செவ்ரலேக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு. 1954 வரை அதன் டிரைவ் ஷாஃப்ட் மூடிய குழாய்க்குள் இருந்தது. பின்பக்கத்து புஷ் தேய்ந்தால் கியர்பாக்ஸ் ஆயில் ஒரு சொட்டும் தரையில் விழாமல் குழாய் வழியே பின் ஆக்சிலுக்குப் போய்விடும். பெட்டியில் ஆயில் குறைகிறது, ஒழுக்கு இல்லை, ஆனால் பின்சக்கரத்து பிரேக் டிரம் நனைகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதவர் பிரேக் ஷூவை மாற்றிக்கொண்டே இருப்பார். ஆனால் அந்த புஷ்ஷை மாற்றப் பின் ஆக்சிலையே பின்னுக்குத் தள்ளவேண்டும். ஒரு நாள் வேலை.

ஜீப்

அமெரிக்க கியர்பாக்ஸ் இந்த மாவட்டத்தில் மிக நீண்ட காலம் வாழ்ந்தது ஜீப்பில்தான். 1947 முதல் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கி, பிறகு முழுதாக இந்தியாவிலேயே செய்தது. அதன் சி.ஜே. 3பி மாடலில் இருந்த டி-90 என்ற மூன்று வேகப் பெட்டியும், அதன் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸும் அமெரிக்க வடிவமைப்பு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு தோட்டங்களுக்கும், 18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைக்கும் ஏற்ற வண்டி அது: டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ஏறத்தாழ இரண்டரை மடங்கு இழுவையைக் கூட்டும். முதல் கியரில் சிங்க்ரோ கிடையாது. வண்டி நின்ற பிறகே போடவேண்டும். பெட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஆயில் கலந்து போகும் இயல்பு உண்டு என்பதால் ஒன்றின் அளவைப் பார்த்தவர் மற்றதையும் பார்த்தாகவேண்டும். பாகங்கள் உள்நாட்டிலேயே தயாரானதால், பிளிமத்துக்கு நேர்ந்த பாகப் பஞ்சம் ஜீப்புக்கு நேரவில்லை.

இன்று

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் வந்த திருத்தம் 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் வண்டிகளாகப் பதிய வழிசெய்கிறது. புதுப் பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய். எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. நோக்கம் நல்லது. ஆனால் டீசல் எஞ்சின் மாற்றிப் பிழைக்கவைத்த பிளிமத்துகள் இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. அந்த மாற்றங்கள்தாம் இறக்குமதித் தடைக் காலத்தின் நேரடிச் சான்றுகள். அவற்றையும் பாதுகாக்க ஒரு தனி வகை தேவை என்பது என் துணிபு.

பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஜி.எல். 5 கியர் ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை, வெண்கல சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடியது. பாகத்துக்கேற்ற ஜி.எல். 4 ஆயிலையே கேட்டு வாங்குங்கள். திண்டுக்கல், வத்தலக்குண்டு, பழனிப் பட்டறைகளின் மூலையில் கிடக்கும் பழைய பல்சக்கரங்களைக் காயலான் கடைக்கு எடைபோடுமுன், எந்த வண்டியினது, எத்தனை பல், யார் வெட்டியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவற்றை வெட்டிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அந்தக் கணக்கை அவர்கள் வாயால் கேட்டு எழுதும் வேலையை நம் ஊர்ப் பாலிடெக்னிக் மாணவர்கள் இப்போதே தொடங்கவேண்டும்.