மூக்கு வைத்த பெயர்: ஓசூர் எல்லையில் ஓமவல்லியும் அதன் பீனால்களும்

ஓசூரில் ஒரே தெருவில் மூன்று மொழி புழங்கும். வாசல் தொட்டியில் தடித்த, சொரசொரப்பான இலையோடு வளரும் அந்தச் செடிக்கும் அங்கே மூன்று பெயர்: தமிழில் ஓமவல்லி, தெலுங்கில் வாமு ஆகு, கன்னடத்தில் தொட்டபத்ரெ. வாமு என்றால் ஓமம், ஆகு என்றால் இலை. ஆனால் அது ஓமச் செடியின் இலை அன்று. ஓமம் சீரகம், சோம்பு, கொத்தமல்லிக் குடும்பம். அதன் பூங்கொத்து குடை விரித்தாற்போல் இருக்கும். ஓமவல்லியோ துளசி, புதினாக் குடும்பம். பூவுக்கு உதடு உண்டு. உருவத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மணம் ஒன்றுதான் இரண்டையும் சேர்க்கிறது. தமிழரும் தெலுங்கரும் மூக்கால் செய்த இந்த வகைப்பாடு தாவரவியலில் பிழையானாலும் வேதியியலில் சரியானது என்பதே என் வாதம்.

ஓம விதையில் 2 முதல் 4 சதவீதம் வரை எண்ணெய் இருக்கும். அதில் ஏறத்தாழ பாதி தைமால். ஓமவல்லி இலை எண்ணெயில் மேலோங்கி நிற்பது கார்வக்ரால் அல்லது தைமால். இரண்டும் பீனால்கள், அதாவது பென்சீன் வளையத்தில் நேரடியாக ஹைட்ராக்சில் தொகுதி அமைந்தவை. 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் என்ற கணக்கும் ஒன்றே. ஹைட்ராக்சில் உட்காரும் இடம் மட்டும் வேறு. காமா டெர்பினீன் என்ற ஒரே முன்பொருளிலிருந்து இவ்விரண்டும் எப்படி உருவாகின்றன என்பது தைம், ஆரிகனோ செடிகளில் 2021இல்தான் படிப்படியாக விளக்கப்பட்டது. துளசியிலும் கிராம்பிலும் உள்ள யூஜினாலும் பீனால்தான். ஆனால் அது பினைல்அலனின் வழியே வேறொரு பாதையில் உருவாகிறது. துளசிக்கு யாரும் ஓமத்தின் பெயரைச் சூட்டவில்லை. ஆக, மூக்கு பீனால்களுக்குள்ளேயே இரண்டு குலத்தைப் பிரித்து வைத்திருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கமும் அன்று. கரீபியன் பகுதியில் இதே செடிக்கு ஆரிகனோவின் பெயர். ஆரிகனோவின் முதன்மை எண்ணெய்ப்பொருளும் கார்வக்ராலே. தாவரவியலாளர்களோ 1790இல் லூரைரோ என்பவர் கோலியஸ் எனப் பெயரிட்டதைப் பின்னர் பிளெக்ட்ராந்தஸ் ஆக்கி, 2019இல் மறுபடியும் கோலியஸுக்கே கொண்டுவந்தார்கள். இத்தனை மாற்றத்திலும் வாமு ஆகு வாமு ஆகாகவே இருந்தது.

இந்த வாதத்துக்கு மறுப்பும் அந்தத் தெருவிலேயே இருக்கிறது. கன்னடத்துத் தொட்டபத்ரெ ‘பெரிய இலை’ மட்டுமே; அது கண் வைத்த பெயர். தமிழின் இன்னொரு பெயரான கற்பூரவல்லியும் இடறுகிறது. கற்பூரம் பீனாலே அன்று, இந்த எண்ணெயின் முதன்மைப் பொருளும் அன்று. சளிக்குக் கசக்கி முகர்ந்ததும் மூக்கடைப்பு விலகிய உணர்வைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது எனக் கருதுகிறேன். மணத்தை அன்றி விளைவைக் குறித்த பெயர் அது.

கண் செய்யும் பிழைக்கு நாட்டுமருந்துக் கடையில் நல்ல சான்று கிடைக்கும். தைமால் படிகத்துக்கு அங்கே ஓம உப்பு என்று பெயர். மெந்தால் படிகத்துக்குப் புதினா உப்பு. இரண்டும் உப்பல்ல. ஓம உப்பு காரக் கரைசலில் கரையும், அமிலம் சேர்த்தால் மீண்டும் பிரியும். ஆல்கஹாலான புதினா உப்பு அதற்கு மசியாது. இந்த இரண்டோடு பச்சைக் கற்பூரத்தையும் ஒரு சீசாவில் போட்டுக் குலுக்கினால், நெருப்பே இல்லாமல் மூன்று திடப்பொருளும் இளகித் தெளிந்த திரவமாகும். இருந்தாலும் கண்ணின் பிழையிலும் பாதி உண்மை உண்டு: தைமாலுக்கு ஹைட்ரஜன் ஏற்றியும் ஆலைகளில் மெந்தால் தயாரிக்கிறார்கள். அந்தத் தைமாலும் இன்று பெரும்பாலும் கிரெசாலிலிருந்து வருவதே. முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மனி இந்திய ஓமத்தை வாங்கித் தைமால் எடுத்தது. அப்போது அது கொக்கிப்புழுவுக்கு மருந்து.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் போகும் புதினாக் கட்டையும் இங்கே சேர்க்க வேண்டும். சமையல் புதினாவின் மணம் பெரும்பாலும் கார்வோன். அது பீனால் அன்று. ஆனால் அணுக்கணக்கு கார்வக்ராலுடையதேதான். வலுவான அமிலத்தில் சூடாக்கினால் கார்வோன் கார்வக்ராலாக மாறிவிடும். சந்தைக்குப் போகும் கட்டுக்கும் வாசல் தொட்டிக்கும் இடையே அவ்வளவுதான் தூரம்.

சமையலும் இந்த வேதியியலை அறிந்தே நடக்கிறது. இந்தப் பீனால்கள் எண்ணெயிலும் நெய்யிலும் நன்றாகக் கரையும். தண்ணீரில் தைமால் லிட்டருக்குச் சுமார் 1 கிராம்தான். ஓமத் தீநீர் அந்த அளவில்தான் மணக்கிறது. கன்னட வீட்டில் தம்புளிக்கு இலையை நெய்யில் வதக்கிய பிறகே தேங்காயோடு அரைத்து மோரில் கலக்குகிறார்கள். நெய் மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பஜ்ஜியில் அந்த வேலையைக் கடலைமாவு செய்கிறது. இலையின் ஈரம் ஆவியாகும்போது பீனாலையும் கூடவே இழுத்துப் போகும். மாவுப் போர்வை அதில் ஒரு பங்கைத் தடுக்கிறது. கடித்ததும் நாக்கில் ஏறும் இளஞ்சூடு கற்பனை அல்ல. இதமான வெப்பத்தை உணரும் டிஆர்பிவி3 என்ற ஏற்பியைக் கார்வக்ரால், தைமால், யூஜினால் மூன்றும் தூண்டுவதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

மூக்குக்கு எட்டாதது ஒன்று உண்டு. ஒரு தொட்டியில் கார்வக்ராலும் அடுத்த தொட்டியில் தைமாலும் மேலோங்கலாம். இந்தியாவிலிருந்தே இருவகை முடிவும் வெளியாகியிருக்கின்றன. கோழித் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பதிலாக இவ்வகை எண்ணெய்களைத் தேடும் காலம் இது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் வளர்ச்சியூக்கி நுண்ணுயிர்க்கொல்லிகளை விலக்கியது. இந்தியா 2019இல் உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. கோழியின உற்பத்திக்கென்றே ஒரு கல்லூரி ஓசூரில் இருக்கிறது. அங்கே இந்த வேறுபாட்டைச் சில்லறை விஷயம் என்று தள்ள முடியாது.

பொதுவாக மண்ணையும் தட்பவெப்பத்தையும் காரணம் சொல்வார்கள். எனக்கு வேறொரு ஐயம். ஓமவல்லியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. ஒரு கிளையை ஒடித்துப் பக்கத்து வீட்டில் நட்டுவிடுவார்கள். கிளையோடு தாய்ச்செடியின் மரபும் அப்படியே போகும். மூன்று மொழி வீடுகளிலிருந்தும் இலை பறித்து வாயு நிறப்பகுப்பில் ஓட்டிப் பார்த்தால், கார்வக்ராலும் தைமாலும் பிரியும் கோடு பாகலூர், தளி, சூளகிரி என்று ஊர்வாரியாக விழாமல், யார் யாருக்குக் கிளை ஒடித்துக் கொடுத்தார்கள் என்பதன்படியே விழும் என்று எதிர்பார்க்கிறேன்.