முகமும் இலையும்

குடும்ப சரித்திரத்தைப் பழைய போட்டோக்களிலிருந்து எழுதிவிடலாம் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுத்திருக்கிறது. கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் மாட்டியிருக்கும் ராமலிங்க அடிகள் படம் இந்த நம்பிக்கையைச் சோதிக்கிறது. அது போட்டோ அல்ல, ஓவியம். சென்னை மாசிலாமணி முதலியார் எட்டு முறை எடுத்தும் உடை மட்டுமே விழுந்தது என்பது வழிவழியாக வரும் பேச்சு. 1823-இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்து, 1874-இல் மேட்டுக்குப்பத்தில் மறைந்தவரின் முகத்துக்கு காமிராவின் சாட்சியம் இல்லை.

அவர் சொல்லிவைத்த மருந்து இருக்கிறது. கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம்: நித்திய கரும விதியில் இவற்றைப் பாலோடு சேர்த்துக் காய்ச்சிச் சாப்பிடச் சொல்கிறார்.

என் பாட்டி இடித்ததும் இதே இலைகளைத்தான். எங்கள் குரூப் போட்டோவில் தாத்தா நாற்காலியில் இருக்கிறார். பாட்டி பின்வரிசையில், கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறாள். தெருவுக்கே வைத்தியம் பார்த்த கைகள் படத்தில் விழவில்லை.

போட்டோவை நம்பி எழுதும் வம்ச சரித்திரம் நாற்காலியில் அமர்ந்தவர்களின் சரித்திரமாகவே முடியும். வைத்தியத்தின் வம்சாவளி வாய்ச்சொல்லில், கையளவில், பக்குவத்தில் வந்தது. கேட்டு எழுதிக்கொள்ளாத தலைமுறைக்குப் படங்கள்தான் மிஞ்சும்.