ஒரே நகரம், பல நோன்புகள்

ரமழானில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில், அப்படியொரு விடுமுறையில்தான் வெள்ளவத்தை மாமா வீட்டுக்கு முதன்முதலாகப் போனேன். அன்று ஷஃபான் பிறை இருபத்தொன்பது. பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாமி சொன்னார்: "கதவச் சாத்துங்க மருமகன், பக்கத்து வூட்டு போராக்காரருக்கு இண்டைக்கு நோன்பு. கறி வாசம் போகும்." பிறை பாராமலே நோன்பா என்று நான் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை.

விபரம் பின்னாளில்தான் விளங்கியது. குஜராத்திலிருந்து வணிகம் செய்ய வந்த தாவூதி போராக்கள் ஷீஆ இஸ்மாயிலிப் பிரிவினர். பாத்திமிய மரபில் வந்த கணிப்பு நாட்காட்டியே அவர்களுக்குப் பிரமாணம். அதில் மாதங்கள் 30, 29 என மாறிமாறி வரும். 30 ஆண்டுகளில் 11 ஆண்டுகளுக்கு ஒரு நாள் கூடும். ஒன்பதாம் மாதமான ரமழானுக்கு எப்போதும் 30 நாட்கள். எனவே பெரும்பாலும் நம்மைவிட ஓரிரு நாள் முந்திவிடுவர். லைலத்துல் கத்ரை நாம் 27ஆம் இரவில் சிறப்பிக்க, அவர்கள் 23ஆம் இரவில் சிறப்பிக்கின்றனர்.

பிறை பார்த்து நோன்பு பிடிப்போரிடையேயும் வழக்கு ஒன்றல்ல. சோனகரும் மலாயரும் ஷாபிஈ மத்ஹபினர்; கச்சு, கத்தியவார் பகுதிகளிலிருந்து வந்த மேமன்கள் ஹனபிகள். நாம் வித்ரை இரண்டும் ஒன்றுமாகத் தொழுது, ரமழானின் பிற்பாதியில் அதில் குனூத் ஓதுகிறோம். மேமன்கள் மூன்றையும் ஒரே ஸலாமில் முடிப்பர். அவர்களது வித்ரில் ஆண்டு முழுவதும் குனூத் உண்டு. கொம்பனித்தெருவில் 1786இல் வேகந்தைப் பள்ளிவாயலை எழுப்பிய மலாயர் நோன்பைப் 'புவாஸா' என்பர். மேமனுக்கும் போராவுக்கும் அது 'ரோஸா'. முன்னது வடமொழி உபவாசத்தின் வழி வந்தது, பின்னது பாரசீகம். நமது 'நோன்பு' பழந்தமிழ். மூன்றில் ஒன்றுகூட அரபுச் சொல் அல்ல!

அன்று மாலை மாமா என்னைக் கொட்டாஞ்சேனைப் பக்கம் அழைத்துச் சென்றார். அதற்கு அண்மையில், புதுச்சோனகத் தெருப் பெரிய பள்ளிவாயலில்தான் நாட்டுக்கான பிறை முடிவு எடுக்கப்படுகிறது. தெருவில் நின்றவர்கள் அறிவிப்புக்குக் காத்திருந்தார்கள்.

2013 ஆகஸ்ட் 7 மாலை கிண்ணியாவில் ஷவ்வால் பிறை கண்டதாகச் சாட்சியம் வந்தது, அது ஏற்கப்படவில்லை. அங்கே பலர் 8ஆம் திகதி பெருநாள் கொண்டாட, நாட்டின் ஏனைய பகுதிகளில் 9ஆம் திகதி பெருநாளாயிற்று. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் தம்பிக்குப் பெருநாள், நானாவுக்கு நோன்பு. தம்பி அனுப்பிய வட்டிலப்பம் தட்டோடு திரும்பி வந்தது. இருவரும் மாதக்கணக்கில் முகம் பார்க்கவில்லை.

கொள்கையிலேயே வேறுபட்ட போராக்களோடு ஒரே மதிலைப் பகிர்ந்து வாழத் தெரிந்த நமக்கு, ஒரே மத்ஹபுக்குள் ஒருநாள் வேறுபாட்டைத் தாங்க ஏன் முடியவில்லை? போராவின் தேதி நாட்காட்டியில் முன்கூட்டியே இருக்கிறது. அதில் எவரது நேர்மையும் கேள்விக்குள்ளாவதில்லை. பிறைச் சாட்சியத்தில் ஒரு மனிதரின் சொல் இருக்கிறது. அதை ஏற்காதபோது அவர் பொய்யராக்கப்பட்டதாக ஊரே உணர்கிறது. ஏற்காதவர்களுக்கோ நாட்டின் ஒற்றுமை பெரிதாகத் தெரிகிறது. இரு தரப்பாரும் தம் அமானிதத்தைக் காப்பதாகவே நினைத்தனர்.

இப்போது வகுப்பில் பிறைப் பாடம் நடத்தும்போது, மாமி கதவைச் சாத்தச் சொன்ன கதையிலிருந்துதான் தொடங்குகிறேன்.