லாரித் தொடரணியும் எரிபொருட் சிக்கனமும்

கனத்த லாரியொன்று நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, அதன் எஞ்சினுடைய சக்தியில் கணிசமான பாகம் எதிர்க்காற்றை விலக்குவதிலேயே விரயமாகிறது. முன்னே ஒரு லாரி காற்றைப் பிளந்து செல்லுமாயின் பின்வருவதற்கு டீசல் மிச்சமாகும் என்பதும், பின்வருவது நெருங்கி நிற்பதால் முன்செல்வதன் முதுகுப்புறத்தில் தாழ்ந்திருக்கும் காற்றழுத்தம் சற்றே உயர்ந்து அதற்கும் சிறிது அநுகூலம் கிட்டும் என்பதும் பௌதிக சாஸ்திரம் அறிந்தவை. இவற்றை ஆதாரமாகக் கொண்டு எழுந்த ஆராய்ச்சி, லாரிகள் நெருங்கி வரிசையாகச் செல்லும் தொடரணியில் இடைவெளியைக் குறுக்கும் முயற்சியிலிருந்து வழியை முன்னறியும் முயற்சிக்குத் திரும்பிய வரலாறே இங்கு விசாரணைக்குரியது.

நெருங்கிச் செல்வது சாரதியின் கண்ணுக்கும் காலுக்கும் அடங்கிய காரியமன்று. மேற்கண்ட வேகத்தில் 10 மீட்டரைக் கடக்க அரை விநாடிகூட வேண்டாம். முதல் லாரி இலேசாகப் பிரேக் போட, இரண்டாவது சற்று அதிகமாகவும் மூன்றாவது அதனினும் அதிகமாகவும் போட, சிறு பிசகு வரிசை நெடுகப் பெருகிவிடும். வாகன வரிசையின் கட்டுப்பாட்டை லெவீன், ஆத்தன்ஸ் என்னும் இருவர் 1966-லேயே கணிதமாக ஆராய்ந்திருந்தனர். ஆயினும் ராடாரும் ரேடியோச் செய்தியும் வாகனத்தில் ஏறிய பின்னரே அது சாலைக்கு வந்தது.

1990-களில் ஐரோப்பாவின் ‘ஷோஃபர்’ திட்டம், முன்லாரியைப் பின்லாரி தானாகவே தொடரும்படி செய்தது. 2000-ல் வெளியான அளவீடுகளின்படி பின்லாரிக்கு 21 சதவீதம் வரை எரிபொருள் மிஞ்சியது. ஜெர்மனியின் ‘கோன்வாய்’ திட்டம் 10 மீட்டர் இடைவெளியில் நான்கு லாரிகளை ஓட்டியது. 2008-ல் தொடங்கிய ஜப்பானியத் திட்டமோ 4 மீட்டர்வரை நெருங்கிற்று. ஆனால் ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் ராஜாங்கத் தொழில்நுட்ப சர்வகலாசாலையினரும் ஸ்கானியா நிறுவனத்தினரும் ஒரே மாதிரியான இரண்டு லாரிகளைக் கொண்டு செய்து 2010-ல் வெளியிட்ட சோதனையில் கிடைத்தது 4.7 முதல் 7.7 சதவீதமே. எடையும் வேகமும் இடைவெளியும் சோதனைக்குச் சோதனை மாறுவதால் இவ்விலக்கங்களை நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமன்று. எனினும், முதலில் வந்த பெரிய இலக்கமே ஜனங்களின் நினைவில் தங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

இதே காலத்தில் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் சர்வகலாசாலையினர் வேறொரு வழியை நாடினர். ஏற்றம் வருமுன் சிறிது வேகம் கூட்டுவதும், மேட்டின் உச்சியை எட்டுமுன்பே ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துவதும், இறக்கத்தில் பிரேக்கில் சக்தியைக் கரைக்காதிருப்பதும் தேர்ந்த சாரதிகள் வழக்கமாகச் செய்பவைதாம்; அத்தேர்ச்சியைச் சாலையின் ஏற்ற இறக்கப் படத்திலிருந்து கணக்காக வருவித்து, சோடர்டேல்யேவுக்கும் நோர்ஷோப்பிங்குக்கும் இடையே 120 கிலோமீட்டர் தூரம் தனி லாரியில் சோதித்தபோது, பிரயாண நேரம் கூடாமலே சுமார் 3.5 சதவீதம் மிச்சமாயிற்று. கியர் மாற்றங்களும் வெகுவாகக் குறைந்தன. 2009-ல் வெளியான இம்முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்; ஏனெனில் இதற்குத் துணைலாரி எதுவும் தேவையில்லை.

இவ்விரு வழிகளும் மலைப்பாங்கான சாலையில் முரண்பட்டன. காற்றின் மறைவில் வரும் பின்லாரி இறக்கத்தில் முன்லாரியைவிட எளிதாக உருளுமாதலால், இடைவெளியைக் காப்பதற்காகவே அது பிரேக் போட நேர்ந்து, மேட்டில் சேர்த்த இலாபத்தை இறக்கத்தில் இழந்தது. எடை வேறுபட்ட லாரிகளாயின் சிக்கல் இன்னும் மிகுதி. ஆகவே, வரிசை முழுவதற்கும் பொதுவான ஒரு வேகத்திட்டத்தை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, அதற்குள் ஒவ்வொரு லாரியும் இடைவெளியைச் சற்றே நெகிழ விட்டுச் செல்லும் முறை உருவாயிற்று. 2013 முதல் 2016 வரை நடந்த ‘கம்பேனியன்’ திட்டம், வெவ்வேறு ஊர்களிலிருந்து புறப்படும் லாரிகளை வழியில் சேர்ப்பது குறித்து ஆராய்ந்தது. எட்டிப் பிடிப்பதற்காக விரையும் லாரி அதிகப்படியாகச் செலவிடும் எரிபொருள், சேர்ந்து செல்வதால் மிஞ்சுவதைவிடக் குறைந்திருந்தாலன்றோ அச்சேர்க்கையால் பயன்!

2016 ஏப்ரலில் ஆறு ஐரோப்பிய லாரி உற்பத்தியாளர்களின் தொடரணிகள் ராட்டர்டாம் துறைமுகத்தை அடைந்தது பெரும் விளம்பரம் பெற்றது. ஆனால் மூனிச்–நியூரம்பர்க் சாலையில் வழக்கமான சரக்குப் போக்குவரத்தில் 2018-ல் தொடங்கிய சோதனை 3 முதல் 4 சதவீதமே காட்டிற்று. உகந்த நிலையிலும் சிக்கனம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றும், அணி பிரிந்து மீண்டும் சேரும்போது அதுவும் கரைகிறது என்றும் கூறி, டைம்லர் நிறுவனம் 2019 ஜனவரியில் இம்முயற்சியிலிருந்து விலகியது. வழியை முன்னறியும் வேகக்கட்டுப்பாடோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே விற்பனை லாரிகளில் இடம்பெற்றிருந்தது. தொடரணியில் முன்லாரிக்குச் சிறிதும் பின்லாரிக்கு மிகுதியும் மிஞ்சுவதால், போட்டி நிறுவனங்களின் லாரிகள் சேர்ந்து ஓடும்போது இலாபத்தை எவ்வாறு பங்கிடுவது என்பது, இடைவெளியை விநாடிதோறும் காக்கும் யந்திரம் எதனாலும் தீர்க்கமுடியாத ஒப்பந்த விவகாரமாகும்.